அடிக்கட்டையும் இரும்புக் கரமும்

மரத்தை வீழ்த்துவது ஒரு பொழுது வேலை. அதன் அடிக்கட்டையைப் பெயர்ப்பதோ ஒரு வார வேலை. மலைநாட்டிலே மண்வெட்டியும் அலவாங்கும் பிடித்துக் கைகாய்த்தவர் எவரைக் கேட்டாலும் இதையே சொல்வர். வெட்டுண்ட மரம் நிலத்திலே சாய்ந்ததும் நமக்கு வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் அப்போதுதான் மரத்தின் மறுபாதியைப் பற்றிய கணக்குத் தொடங்குகிறது. அந்த மறுபாதி கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள்ளே கிடக்கிறது.

கண்டி மாநகரின் தென்புறத்தே ஹந்தானை மலை நீண்டு கிடப்பதை நேயர்கள் அறிவார்கள். அந்த மலையின் அடிச்சாரலில் என் நண்பர் ஒருவருக்கு ஒரு சிறு வீடும் இருபது பேர்ச் நிலமும் உண்டு. ஓய்வு பெற்ற ஆசிரியர். பேச்சிலே நிதானமும் செலவிலே சிக்கனமும் உடையவர். வீட்டின் பின்கட்டில் நின்ற முதிய பலாமரம் கூரையின்மேற் சாயத் தொடங்கியபடியால், பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து அனுமதி பெற்று அதை வெட்டுவித்தார். பலாவையும் ஈரப்பலாவையும் நினைத்தபடி வெட்ட இந்நாட்டில் இயலாது. 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் அவற்றைக் காத்து நிற்கிறது. பஞ்சகாலத்திலே ஏழையின் வயிற்றை நிறைத்த மரத்துக்கு இந்த மரியாதை தகும் என்பதே என் எண்ணம்.

மரம் போயிற்று. மூன்றடி உயரத்துக்கு அடிக்கட்டை நின்றது. அந்த இடத்திலே மகளுக்கென ஓர் அறை கட்ட வேண்டும் என்பது நண்பரின் விருப்பம். கட்டையை மண்ணுக்குள் விட்டுவிட்டு அதன்மேல் அத்திவாரம் போட்டால், கட்டை உக்க உக்க நிலம் அமிழும், சுவர் வெடிக்கும், கறையானுக்கு விருந்து வைத்தது போலவும் ஆகும். ஆகவே ஒரு சிறிய அகழ்வு இயந்திரத்தை அரைநாள் வாடகைக்கு அமர்த்தினார். வேடிக்கை பார்க்க என்னையும் அழைத்தார். வேடிக்கை பார்க்கச் சென்ற நான் வேறொரு கவலையுடன் திரும்பினேன். அதைப் பின்னர் சொல்கிறேன்.

இத்தகைய இயந்திரம் எதுவானாலும் நம்மவர் அதைப் ‘பெக்கோ’ என்றே அழைக்கின்றனர். சரியாகச் சொன்னால், முன்னே மண் அள்ளும் தட்டும் பின்னே தோண்டும் கையும் உடைய சக்கர வண்டிதான் பெக்கோ. இங்கிலாந்தின் பாம்ஃபோர்ட் என்பார் 1953இல் அத்தகைய பின்கையைத் தம் இயந்திரத்திலே பொருத்தினார். அவருடைய பெயரின் முதலெழுத்துக்களே ‘ஜேசிபி’ ஆயின. நண்பரின் வீட்டுக்கு வந்ததோ இரும்புச் சங்கிலிப் பட்டைகளில் ஊர்ந்து செல்லும் குட்டி இயந்திரம். 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில், இடநெருக்கடி மிகுந்த ஜப்பானிலே பிறந்து வளர்ந்த இனம். எடை ஏறக்குறைய மூன்று தொன். ஆறடி அகலமுள்ள ஒழுங்கையிலே நுழையும். நின்ற இடத்திலேயே முற்றாகச் சுழலும். கண்டியைச் சுற்றியுள்ள மலைக்குடியிருப்புகளுக்குப் பெரிய இயந்திரம் ஏறாது. ஆதலால் இந்தக் குட்டிக்கு இங்கே நல்ல மவுசு.

இயந்திரத்தைச் செலுத்தி வந்தவர் கலஹாப் பக்கத்து இளைஞர். அவர் இறங்கிக் கட்டையைச் சுற்றி வந்து, காலால் மண்ணைத் தட்டிப் பார்த்தார். வேலிக்கு அப்பால் ஒரு முதியவர் கைத்தடியை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். தேயிலைத் தோட்டத்திலே நாற்பதாண்டு உழைத்தவர். நண்பருக்கு நெடுநாள் பழக்கம்.

“தம்பி, இதுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?” என்று கேட்டார் அவர்.

“ஒரு மணி நேரம் போதும் தாத்தா. பாறை இருந்தாத்தான் கொஞ்சம் கூடும்.”

“நாங்க நாலு பேரு அலவாங்கும் கோடரியுமா நின்னா மூணு நாளு. சாயங்காலம் கையைத் தூக்கிச் சோறு திங்க முடியாது.”

இளைஞர் சிரித்தார். முதியவர் சிரிக்கவில்லை.

அந்த மூன்று நாள் கணக்குக்குப் பின்னே இருநூறு ஆண்டு வரலாறு கிடக்கிறது. 1820களிலே ஆளுநர் பார்ன்ஸ் பேராதனைக்கு எதிரேயுள்ள கன்னொறுவையிலும், ஜார்ஜ் பேர்ட் கம்பளைக்கு அருகிலும் கோப்பி பயிரிட்டனர். அதன்பின் கண்டி மலைகளின் பெருங்காடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. காடழித்த முறை விந்தையானது. சரிவின் அடியிலிருந்து உச்சிவரை மரங்களை முழுதும் வெட்டாமல் பாதி மட்டும் வெட்டி நிறுத்துவார்கள். கடைசியில் உச்சியில் நின்ற பெருமரங்களை முற்றாக வெட்டிக் கீழ்நோக்கிச் சாய்ப்பார்கள். ஒன்று மற்றொன்றின்மீது விழ, மலைச்சாரல் முழுவதும் இடிமுழக்கம் போன்ற ஓசையுடன் சரியும். சில வாரங்கள் உலர விட்டுத் தீ வைப்பார்கள். எரிந்தது போக எஞ்சியவை அடிக்கட்டைகள். அவற்றைப் பெயர்க்க எந்தத் துரைக்கும் பொறுமை இருக்கவில்லை, பணமும் இருக்கவில்லை. கரிந்த கட்டைகளுக்கு நடுவே குழி தோண்டிக் கோப்பிக் கன்றை நட்டுவிட்டார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்துவந்த நம் முன்னோரின் கைகளே அந்தக் கோடரிகளைப் பிடித்தவை என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி இதை ஆராய வந்து சேர்ந்தார். அவர் நோயின் இயல்பைக் கண்டுபிடித்தார். ஆனால் கோப்பியைக் காப்பாற்ற முடியவில்லை. பட்டுப்போன கோப்பிச் செடிகளின் தண்டுகள் பட்டை சீவப்பட்டு, இங்கிலாந்துக்குத் தேநீர் மேசைகளின் கால்களாக ஏற்றுமதியாயின என்றொரு செய்தி தோட்ட வரலாறுகளிலே சொல்லப்படுகிறது. கோப்பியின் பிணத்தின்மேல் தேநீர்க் கிண்ணம்! அதற்கு முன்னரே, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தெல்தோட்டைக்கு அருகே லூல்கந்துரவில் தேயிலையை நட்டிருந்தார். 1875இல் ஏறக்குறைய ஆயிரம் ஏக்கராக இருந்த தேயிலை, 1895இல் மூன்று இலட்சம் ஏக்கரைத் தாண்டிற்று. அவ்வளவு நிலத்திலும் காட்டுமரக் கட்டைகளும் கோப்பிக் கட்டைகளும் மண்ணுக்குள் இருந்தன. அவை சும்மா கிடக்கவில்லை.

அந்தக் கதையை வெளிக்கொணர்ந்தவர் டொம் பெட்ச். 1905இல் அரசாங்கப் பூஞ்சணவியலாளராகப் பேராதனைக்கு வந்து சேர்ந்தவர் அவர். 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியபோது அதன் முதற் பணிப்பாளரானார். தேயிலைக்கு நிழல் தரவும் விறகுக்காகவும் நட்ட கிரவில்லியா மரங்களை வெட்டிய இடங்களிலே, சில ஆண்டு கழித்துச் சுற்றியுள்ள தேயிலைச் செடிகள் வட்டம் வட்டமாகப் பட்டுப்போவதை அவர் கண்டார். வெட்டிய கட்டையின் முகத்திலே காற்றோடு வந்து படியும் ‘உஸ்துலினா’ என்னும் பூஞ்சணம் கட்டையைத் தின்று, வேர்வழியே இறங்கி, அந்த வேர் தொட்டுக்கொண்டிருக்கும் தேயிலை வேருக்குள் புகுந்துவிடுகிறது. கட்டை செத்த பொருள் என்று தோட்டக்காரர் நினைத்திருந்தார்கள். அது பகைவனுக்குக் கட்டிக்கொடுத்த பாசறை என்று பெட்ச் காட்டினார். மலைநாட்டுத் தேயிலையில் ‘போரியா’ என்று அஞ்சப்படும் செவ்வேர் நோயும் வேரோடு வேர் உரசிப் பரவுவதே.

இதிலிருந்து தோட்டங்களிலே ஒரு கண்டிப்பான வழக்கம் உருவாயிற்று. நோய் கண்ட இடத்திலே செடியை மட்டும் பிடுங்கினால் போதாது. பென்சில் பருமனுள்ள வேர்வரை தேடி எடுத்து, அங்கேயே எரிக்க வேண்டும். ஆபிரிக்காவிலே அக்காலத்தில் நியாசலாந்து எனப்பட்ட இன்றைய மலாவியில், லீச் என்ற ஆய்வாளர் 1930களில் வேறொரு வழியைக் கண்டார். மரத்தை வெட்டுவதற்கு முன்னரே அடியில் வளையமாகப் பட்டையை உரித்து நிற்கவிட்டால், இலையிலிருந்து உணவு கீழே இறங்காமல், வேரில் சேமித்த மாச்சத்துத் தீர்ந்துபோகும். அதன்பின் வெட்டினால் வேரிலே பூஞ்சணத்துக்கு வேண்டிய தீனி இராது. சத்துருவுக்குச் சோறு போடாமல் கோட்டையை விட்டுவிடும் தந்திரம் இது. பணமில்லாத விவசாயிக்கு இதைவிட மலிவான வழி வேறில்லை. வீட்டுத் தோட்டத்திலே மரம் வெட்ட எண்ணும் அன்பர்களும், அவசரமில்லையாயின், இதைக் கைக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: வளையம் உரித்த மரம் காய்ந்துவிட்டால் கிளை முறியும். வீட்டுக்கும் வழிக்கும் அண்மையில் உள்ள மரத்துக்கு இது ஆகாது.

1958ஐ ஒட்டி அரசாங்கம் தேயிலை மீள்நடுகைக்கு மானியம் வழங்கத் தொடங்கியதும், பழைய விதைத் தேயிலையைப் பிடுங்கும் வேலை மலையெங்கும் பெருகியது. பிடுங்கிய நிலத்திலே உடனே நடமாட்டார்கள்; ஒன்றரை இரண்டு ஆண்டு குவாட்டமாலாப் புல்லோ மானாப் புல்லோ வளர்த்து மண்ணைத் தேற்றியபின்பே தவறணையிலிருந்து கன்று கொண்டுவந்து நடுவார்கள். பிடுங்குவதற்கு முதலில் ஆட்கள். பின்னர் கையால் இயக்கும் வின்ச்சு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலே டிரெவெல்லா சகோதரர் செய்த ‘மங்கி’ வின்ச்சு உலகெங்கும் பெயர் பெற்றது. குரங்கு என்று பெயர் வைத்தாலும் அதன் பலம் யானையின் பலம். ஒருவர் நெம்புகோலை முன்னும் பின்னும் அசைக்க, இரும்புக் கயிறு அங்குலம் அங்குலமாகச் சுருண்டு கட்டையை இழுக்கும். கயிறு அறுந்தால் மட்டும் அருகில் நிற்பவர் பாடு ஆபத்து. தம் கணுக்காலில் இருந்த ஒரு வடுவை முதியவர் எங்களுக்குக் காட்டினார். அது அப்படி வந்ததுதான்.

இனி அந்தக் குட்டி இயந்திரத்தின் பலம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். பிரெஞ்சு நாட்டு அறிஞர் பஸ்கால் பதினேழாம் நூற்றாண்டிலே கண்ட உண்மைதான் அடிப்படை. மூடிய கலத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்திலே அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும். சிறிய குழாயில் சிறிய விசை கொடுத்தால், பெரிய முசலத்திலே பெரிய விசை பிறக்கும். 1795இல் இங்கிலாந்தின் பிராமா இதைக் கொண்டு அழுத்தப்பொறி செய்து உரிமம் பெற்றார். இன்றைய இயந்திரத்திலே டீசல் எஞ்சின் ஒரு பம்பைச் சுழற்றுகிறது. பம்பு எண்ணெயை ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றருக்கும் ஏறக்குறைய 200 கிலோகிராம் அழுத்தத்தில் குழாய்க்குள் தள்ளுகிறது. ஏழு சென்ரிமீற்றர் விட்டமுள்ள முசலத்தின் முகப்பரப்பு முப்பத்தெட்டரைச் சதுர சென்ரிமீற்றர். பெருக்கிப் பாருங்கள்: 7,700 கிலோகிராம்! பள்ளிக்கூடத்துப் பிள்ளை போடக்கூடிய கணக்குத்தான். ஆனால் அந்த விசை முழுவதும் வாளியின் பல்லுக்கு வந்து சேர்வதில்லை. கை நீளமாதலால் நெம்புகோல் கணக்கிலே குறைந்து, மூன்று தொன் இயந்திரத்தின் வாளி நுனியில் ஏறத்தாழ அதன் எடையளவு விசையே கிட்டும். ஆகவே முரட்டுத்தனமாக இழுத்தால் கட்டை வராது; இயந்திரந்தான் எழுந்து நிற்கும்.

இதற்காகவே வாளியைக் கழற்றிவிட்டு வேறு கருவிகளைப் பொருத்துகிறார்கள். ஒன்று ஒற்றைப் பல்: கழுகின் அலகுபோல் வளைந்த தடித்த எஃகு. அதை வேருக்கு அடியிலே செருகி மேலே இழுத்தால் பக்கவேர் முறியும். இன்னொன்று கூம்புத் திருகு: சங்கு வடிவில் முறுக்குக் கோடுகள் வெட்டியது. எண்ணெய் அழுத்தத்தால் சுழன்று கட்டைக்குள் இறங்கி, அதைத் தேங்காய்போல் இரண்டாகப் பிளந்துவிடும். மூன்றாவது, கடினமான பற்கள் பதித்த சக்கரம். கட்டையைப் பிடுங்காமல், நின்ற இடத்திலேயே தூளாக அரைத்துத் தள்ளும். வேர் மண்ணிலேயே இருக்கும். தரைமட்டத்துக்கு மேலுள்ளதும் சில அங்குல ஆழமும் மட்டும் போகும். எது எந்த இடத்துக்கு உரியது என்று தெரிந்துகொள்வதுதான் ஓட்டுநரின் படிப்பு.

நண்பரின் பலாக்கட்டைக்கு இளைஞர் ஒற்றைப் பல்லைப் பொருத்தினார். முதற் காரியமாக, தண்ணீர்க் குழாய் எந்த வழியே போகிறது, மலசலகூடக் குழி எங்கே என்று கேட்டுச் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டார். பிறகு கட்டையிலிருந்து நான்கடி தள்ளி, சுற்றிலும் அகழி போலத் தோண்டினார். மஞ்சள் நிறமான பக்கவேர்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. ஒவ்வொன்றையும் கட்டைக்கு அருகிலல்ல, தூரத்திலே முறித்தார். கட்டையை மூன்றடி உயரம் விட்டு வெட்டியது நல்லதாயிற்று என்றும் சொன்னார். தரையோடு வெட்டிவிட்டால் தள்ளுவதற்குப் பிடி இராது. உயரமாக நின்றால் கட்டையே நெம்புகோலாகி உதவும். மரம் வெட்டுவிக்கும் அன்பர்கள் இதை மனத்தில் வைக்கவேண்டும். நம் ஊரில் பெரும்பாலார் பலகைக்கு ஆசைப்பட்டுத் தரையோடு அறுத்துவிடுகிறார்கள்.

பலாவின் ஆணிவேர் இலேசில் விடுவதில்லை. இளைஞர் கட்டையை ஒருபுறம் தள்ளி, மறுபுறம் இழுத்து, மீண்டும் தள்ளி, பல்லிலே ஆடும் பல்லை அசைப்பது போல அசைத்தார். ஐந்தாறு முறைக்குப் பிறகு மண்ணுக்குள்ளே ‘படார்’ என்ற ஓசை கேட்டது. கட்டை சாய்ந்தது. பார்த்துக்கொண்டிருந்த சிறுவர்கள் கைதட்டினர். ஐம்பது நிமிடம். முதியவர் தம் பழைய கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். அதிலே வியப்பும் இருந்தது, கசப்பும் இருந்தது என்று எனக்குப் பட்டது. அவருடைய மூன்று நாட் கூலி அங்கே ஐம்பது நிமிடத்திலே கரைந்து போயிற்று அல்லவா? ஆனால் அந்தக் கணுக்கால் வடுவையும் சேர்த்து நிறுத்துப் பார்க்கையில், அவ்வேலை இயந்திரத்துக்குப் போனதற்காக என்னால் அழ முடியவில்லை.

பலாவேரின் நிறத்தைக் கண்டதும் ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. பலாவின் மரத்தூளைக் காய்ச்சி எடுத்த மஞ்சட்சாயத்திலேதான் பௌத்த துறவியரின் சீவர ஆடைகள் முன்னாளிலே தோய்க்கப்பட்டன. கட்டையை விறகாக்குமுன் ஒரு கூடைச் சீவலை நண்பரின் துணைவியார் எடுத்து வைத்தார்கள். எதற்கென்று கேட்டேன். “துணிக்குச் சாயம் போட்டுப் பார்க்கப் போகிறேன்” என்றார்கள்.

இதற்கப்புறந்தான் சங்கடம் தொடங்கியது. வாடகை அரைநாளுக்கு, வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. சிக்கனமான நண்பரின் பார்வை வீட்டின் மேற்புறத்தே திரும்பிற்று. அங்கே நிலம் செங்குத்தாகச் சரிந்து அடுத்த காணியை நோக்கி இறங்குகிறது. அந்தச் சரிவின் விளிம்பிலே, இரண்டு ஆண்டுக்கு முன் வெட்டிய கிரவில்லியாவின் கட்டை ஒன்று நின்றது. சரிவுக்குக் கீழே ஓர் இளங்குடும்பத்தின் வீடு. முற்றத்திலே கொடியில் குழந்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

“வந்ததோடு வந்ததாக அதையும் எடுத்துவிடலாமே தம்பி?” என்றார் நண்பர்.

நானும் ஆமாம் என்றே நினைத்தேன். பெட்ச் கண்ட பூஞ்சணக் கதையெல்லாம் என் மூளையில் இருந்தபடியால், பழங்கட்டை என்றால் பிடுங்குவதே முறை என்று ஒரு நியாயமும் சொன்னேன். இளைஞர் விளிம்புவரை நடந்து போய்த் திரும்பி வந்தார். இயந்திரத்தின் சங்கிலிப் பட்டையை நிறுத்தச் சமதரை அங்கே இல்லை என்றார். பக்கச்சரிவிலே நின்று பாரம் தூக்கினால் வண்டி கவிழும். வண்டியின் எடையே விளிம்பை உடைத்துவிடவும் கூடும். நண்பருக்கு இது சாக்குப்போக்காகத் தோன்றியது. குரல் உயர்ந்தது.

அப்போது முதியவர் வேலியைச் சுற்றி மெல்ல வந்து சரிவின் கீழ்ப்பக்கத்தைத் தம் தடியால் சுட்டினார்.

“வாத்தியாரய்யா, அந்த வேரு எதைப் புடிச்சிருக்குன்னு பாத்தீங்களா?”

மூவரும் குனிந்து பார்த்தோம். மழை அரித்த மண்ணிலே வெளிப்பட்டுக் கிடந்த மூன்று வேர்கள், ஒரு பெட்டகம் அளவுள்ள பாறாங்கல்லைக் கை விரல்கள் பந்தைப் பற்றுவது போலப் பற்றியிருந்தன. கல்லுக்கு நேர் கீழே அந்தக் கொடியும் துணிகளும்.

யாரும் சிறிது நேரம் பேசவில்லை.

மலைச்சரிவிலே மரத்தின் வேர் செய்யும் வேலையைக் கொத்தனார் கொங்கிறீற்றில் போடும் கம்பியோடு ஒப்பிடலாம். மேல்மண்ணைக் கீழ்மண்ணோடு தைத்து வைப்பது அது. மரத்தை வெட்டினால் தையல் உடனே அறுந்துவிடாது. முதலில் நுண்வேர்களும் பின்னர் பருவேர்களும் உக்கிச் சில ஆண்டுகளிலே பிடி தளரும். வெட்டி முதலாண்டு மழையைத் தாங்கிய சரிவு, நாலாம் ஐந்தாம் ஆண்டு மழையிலே நழுவுவதற்கு இதுவே காரணம். வேரைப் பிடுங்கிவிட்டாலோ அந்தத் தளர்ச்சி அன்றைக்கே வந்துவிடும். போதாதற்குப் பிடுங்கிய குழி மழைநீரைக் குடித்துச் சரிவுக்குள்ளே செலுத்தும். ஆகவே சமதரையில் செய்ய வேண்டியது ஒன்று, சரிவில் செய்ய வேண்டியது மற்றொன்று. பெட்ச் சொன்னதை அறைகுறையாகப் படித்துவிட்டு நியாயம் பேசிய எனக்கு அந்த இடத்திலே வெட்கமாயிருந்தது.

கண்டிப் பிரதேசத்தாருக்கு இது ஏட்டுக்கல்வி அல்ல. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தவிலே லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததையும், 2016 மே மாதத்தில் அரநாயக்கவில் மலை இறங்கியதையும் நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொணர்ந்த பெருமழையிலே கண்டி மாவட்டம் இழந்த உயிர்களோ கொஞ்சமல்ல. அந்தச் சரிவுகள் அனைத்துக்கும் அடிக்கட்டை பிடுங்கியதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. மழையும் பாறையின் அமைப்பும் வெட்டிய வழிகளும் வடிகாலின்மையும் எல்லாம் சேர்ந்தவை அவை. ஆனால் வீட்டுக்குப் பின்னே மண்ணை வெட்டும் ஒவ்வொருவரும், தாம் கையில் எடுப்பது எதனுடைய நுனி என்று பார்த்துக்கொள்ள வேண்டிய காலம் இது. நிலத்திலே புதிய வெடிப்பு, நேராக நின்ற மரமோ கம்பமோ சாய்தல், திடீரெனப் புதிதாய் ஊற்றுக் கண் திறத்தல், தெளிந்த ஊற்று கலங்குதல் என்பவை கண்டால், அகழ்வு இயந்திரத்தை அல்ல, கிராம அலுவலரைத்தான் முதலில் அழைக்க வேண்டும். மண்சரிவு அபாயப் பகுதிகளைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வரைபடமாக்கி வைத்திருக்கிறது. கட்டுவோரும் வெட்டுவோரும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

நண்பர் வீட்டுக் கதைக்கு வருகிறேன். கட்டையை அப்படியே விட்டுவிட்டால் தீர்ந்துவிடுமா? அதுவும் இல்லை. வெட்டி இரண்டாண்டு ஆகிவிட்டது. வேர் உக்கத் தொடங்கியிருக்கும். இன்றைக்குப் பிடித்திருக்கும் அதே விரல்கள் நாளை அல்லது மறுநாள் தளரப் போகின்றவை. கீழ்வீட்டாருக்கு இதைச் சொல்லாமல் இருப்பது எப்படி? நண்பர் சற்று நேரம் திண்ணையில் அமர்ந்திருந்தார். பிறகு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு தாமே கீழே இறங்கிப் போனார். அந்த வீட்டு இளைஞரை அழைத்து வந்து கல்லைக் காட்டினார். அவருடைய முகம் வெளிறியது. அன்று மாலையே இருவரும் சேர்ந்து கிராம அலுவலரிடம் எழுத்து மூலம் அறிவித்தனர். குழந்தையின் தொட்டில் அன்றிரவே முன்னறைக்கு மாறியது.

இயந்திரக்காரர் மீதி நேரத்தை வீணாக்கவில்லை. பலாக்கட்டை போன குழியிலே மண்ணை ஒரே முறையாகக் கொட்டாமல், ஓரடிக்கு ஓரடியாக இட்டு, வாளியின் முதுகால் இறுக்கிக் கொடுத்தார். இறுக்காமல் நிரப்பிய குழி பின்னர் அமிழும் என்பது அவர் சொன்ன காரணம். கூரைநீர் சரிவுப்பக்கம் ஓடாதபடி வீட்டோரமாக ஒரு சிறு வாய்க்காலும் வெட்டி, பெருவழிக் கானுக்கு இணைத்துவிட்டார். அதற்குத் தனியாகக் கூலி கேட்கவில்லை. போகும்போது முதியவரிடம், “வரட்டுமா தாத்தா?” என்றார். “பாத்துப் போ தம்பி, ஒழுங்கை வளைவிலே வழுக்கும்” என்று பதில் வந்தது.

மறுவாரம் முதியவரே தோட்டத்திலிருந்து மானாப் புல் துண்டுகள் ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து, சரிவின் குறுக்காக வரிவரியாக நட்டுக் கொடுத்தார். பாறைக்கு ஆதாரச் சுவர் கட்டுவதா, கல்லைச் சிறிது சிறிதாக உடைத்து இறக்குவதா என்பதை இடத்தைப் பார்க்க வரும் உத்தியோகத்தர்கள்தாம் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் நண்பர் ஒரு வேலை செய்திருக்கிறார். மேலே உறுதியான தரையில் ஓர் இரும்புக் கம்பியை அடித்து, பாறையிலே வெள்ளைச் சாயத்தால் ஒரு புள்ளி வைத்து, இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை நாள்தோறும் காலையிலே அளந்து கொப்பியில் குறித்து வருகிறார். மழை பெய்த நாட்களில் மாலையிலும் அளக்கிறார். சென்ற ஞாயிறன்று நான் போனபோது அந்தக் கொப்பியைக் காட்டினார். பதினெட்டு நாட் கணக்கு. ஒவ்வொரு வரியிலும் பதினோரடி நான்கங்குலம் என்றே எழுதியிருந்தது.